பிழை செய்வது யார்? பழி சுமப்பது யார்?

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்பது இன்று நமது தோட்டக் கச்சேரிகளிலும் பட்டணத்து ஆபீசுகளிலும் யாரும் எதிர்த்துக் கேட்கக்கூடாத ஒரு வாக்காக நிலைபெற்றுவிட்டது. சம்பளத் தினத்தன்று ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே இரண்டு நாள் கூலி குறைந்திருக்குமானால், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கின்றது" என்ற ஒரே பதிலினால் அவர் வாய் அடைக்கப்படுகின்றது. ஸ்டோரில் உரமூட்டைகள் கணக்கைவிடக் குறைந்திருக்குமானால், கிராணி விசாரிக்கப்படுகின்றாரேயல்லாது, அந்தக் கணக்கைக் கூட்டிக் கழித்த மென்பொருள் விசாரிக்கப்படுவதில்லை. மனிதன் தவறு செய்வான், இயந்திரம் தவறு செய்யாது என்ற எண்ணமே இவ்வளவுக்கும் அடிப்படையாகும்.

இந்த எண்ணத்துக்கு ஏதேனும் ஆதாரமுண்டா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம். நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்ல. பத்து விரல்களும் மையாகி, நள்ளிரவு வரையில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்த காலம் மறுபடியும் வரவேண்டுமென்று நம்மில் எவரும் விரும்பமாட்டோம். ஆனால் ஒரு கருவியைப் பயன்படுத்துவது வேறு, அதை நம்பி மனிதனைத் தண்டிப்பது வேறு. முன்னது அறிவு, பின்னது மூடநம்பிக்கை.

செக்ரோல் காலம்

முதலில் நமது சொந்தச் சரித்திரத்தைக் கவனிப்போம். ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, ஒரு நாள் வேலை ஒரு நாள் கூலியாவதற்கு மூன்று கைகளைக் கடக்கவேண்டியிருந்தது. விடியுமுன் பெரட்டில் மண்டோர் தமது சிறு புத்தகத்தில் பெயர்களைக் குறித்துக்கொள்வார். கிராணி அதைச் செக்ரோலில் ஏற்றுவார். மாத முடிவில் துரை பார்த்துக் கையெழுத்திடுவார். எங்காவது பிழை நேர்ந்தால், அது எந்தக் கையில் நேர்ந்ததென்று தேடிப்பார்க்க வழியிருந்தது. ஏனெனில் ஒவ்வொரு கைக்கும் ஓர் எழுத்து இருந்தது. அழித்து எழுதிய இடத்தில் அழித்த தடம் இருந்தது.

இவ்வாறு சொல்வதனால் அந்தக் காலம் நியாயமான காலமென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி ஒருவர், தாம் வேலைக்கு வந்த நாளைச் செக்ரோல் காட்டவில்லையென்றால், யாரிடம் போய் முறையிட முடிந்தது? "புத்தகத்தில் இல்லை" என்ற ஒரு சொல்லே அவருக்குத் தீர்ப்பாக இருந்தது. புத்தகத்தைத் தொழிலாளி பார்க்க முடியாது; பார்த்தாலும் படிக்க முடியாது; படித்தாலும் மறுக்க முடியாது. எழுதப்பட்டது மெய், வாயால் சொல்லப்பட்டது பொய் என்ற அனுமானம் கம்ப்யூட்டரோடு வந்ததன்று. அது செக்ரோலோடு பிறந்தது. அன்று அந்த அனுமானத்தினால் பயனடைந்தவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம், ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்த நம்மைப் போன்றவர்களே. இன்று அதே அனுமானம் நமது தலைக்கு மேலேயே தொங்குகின்றது என்பதுதான் காலத்தின் மாறுதல்.

கணக்குப் பட்டியல் வந்த கதை

மேசைக் கம்ப்யூட்டரைக் கணக்குப்பிள்ளைக்கு உரியதாக்கியது, 1979ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இருவர் வெளியிட்ட விசிகால்க் என்னும் மென்பொருளாகும். ஒரு கட்டத்தில் உள்ள தொகையை மாற்றினால் மற்றக் கட்டங்களெல்லாம் தாமாகவே மாறிக்கொள்ளும் அதிசயத்தை அது காட்டிற்று. 1983இல் லோட்டஸ் 1-2-3 என்பது வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸெல் 1985இல் மெக்கின்டாஷ் இயந்திரத்துக்கும், 1987இல் விண்டோஸுக்கும் வந்து, இன்று உலகத்து ஆபீசுகளில் பெரும்பாலானவற்றை ஆண்டுகொண்டிருக்கின்றது.

இந்த எக்ஸெலுக்கு ஒரு விசித்திரமான நம்பிக்கை உண்டு. 1900ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் 29ஆம் தேதி ஒன்று இருந்தது என்பதே அது. நூற்றால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருஷமாகும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். அப்படியிருக்க இந்தத் தவறு எப்படி வந்தது? லோட்டஸில் இருந்த பிழை இது. லோட்டஸில் எழுதிய பழைய கணக்குகள் எக்ஸெலிலும் மாறாமல் ஓடவேண்டுமென்பதற்காக, மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்தப் பிழையைத் தெரிந்தே நகலெடுத்து வைத்துக்கொண்டது. திருத்தினால் பல கணக்குகள் கலைந்துபோகும் என்பதால் இன்றுவரையில் திருத்தவுமில்லை. இந்தப் பிழையினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லையென்பது உண்மைதான். ஆயினும், தவறே செய்யாதென்று நாம் நம்பும் கருவியின் அஸ்திவாரத்திலேயே, செய்தவர் அறிந்தே விட்டுவைத்த ஒரு தவறு கிடக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது.

நஷ்டம் தந்த பிழைகளும் உண்டு. உயிரியல் அறிஞர்கள் மரபணுக்களுக்கு 'மார்ச்-1', 'செப்ட்-1' என்பனபோன்ற குறுக்கப் பெயர்களை வைத்திருந்தார்கள். எக்ஸெல் அவற்றையெல்லாம் தேதிகள் என்று தானாக நினைத்துக்கொண்டு, கேளாமலே மாற்றிவந்தது. மரபணுப் பட்டியலை எக்ஸெலில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் கண்டுபிடிக்கப்பட்டது. முடிவில் மென்பொருள் மாறவில்லை. 2020இல் மரபணுக்களே பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது! அந்தத் தானியங்கும் பழக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் கொடுத்தது 2023இல்தான்.

அதே 2020இல், கொரோனாத் தொற்றுக் காலத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை நோயாளிகளின் பட்டியலை எக்ஸெலின் பழைய வடிவத்தில் ஏற்றிவந்தது. அவ்வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. இடமில்லாத வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 நோயாளிகள் கணக்கில் வராமற்போயினர். அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவும் தாமதமாயிற்று. பேரேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டால், "ஐயா, புத்தகம் முடிந்துவிட்டது" என்று எந்தக் கிராணியும் சொல்லியிருப்பார். மென்பொருள் சொல்லவில்லை. மனிதன் செய்யும் பிழைக்கும் மென்பொருள் செய்யும் பிழைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பின்னது முகங்கோணாமல், சுத்தமான எழுத்தில், கூட்டுத்தொகையோடு வந்து நிற்கும்.

பூட்டில்லாத கதவுகள்

நிற்க, கணக்குத் தவறுவது ஒரு பக்கம் இருக்க, திருடன் நுழையும் வழியைத் தயாரித்தவனே திறந்துவைப்பது மற்றொரு பக்கம். அடிக்கடி செய்யும் வேலைகளைத் தானாகவே செய்வதற்காக, ஒரு கடிதத்துக்குள்ளேயே சில கட்டளைகளை எழுதிவைக்கும் வசதிக்கு 'மேக்ரோ' என்று பெயர். 1995இல் கான்செப்ட் என்னும் வைரஸ் இந்த வசதியினூடாகவே பரவிற்று. மைக்ரோசாப்ட் தானே வெளியிட்ட ஒரு குறுந்தட்டிலும் அது இருந்தது. இணையத்திலிருந்து வரும் கடிதங்களில் மேக்ரோ தானாக ஓடாதபடி தடுத்துவைப்பதே நியதி என்ற முடிவுக்கு அந்நிறுவனம் வந்தது 2022இல். இடையே கழிந்தவை 27 வருஷங்கள். அத்தனை வருஷமும் ஆபீசுகளில் நமக்குக் கிடைத்த உபதேசம் என்ன? "தெரியாத கடிதத்தைத் திறக்காதே" என்பதே. கடிதங்களைத் திறப்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பொருத்தமான உபதேசம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

2000ஆம் வருஷம் மே மாதம் 4ஆம் தேதி மணிலாவிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல், சில மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றி வந்தது. "காதல் கடிதம் என்றதும் திறந்துவிட்டார்கள்" என்று ஆபீஸ் சிப்பந்திகளைப் பரிகாசம் செய்யாதவர் அன்று இல்லை. ஆனால் அதில் இணைக்கப்பட்டிருந்த கோப்பு உண்மையில் கட்டளை நிரல் என்பதைக் காட்டும் கடைசி மூன்று எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாகவே மறைத்துவைத்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது சாதாரண எழுத்துக் கோப்பாகத் தோன்றிற்று. கண்ணைக் கட்டிவிட்டுப் பள்ளத்தில் விழுந்தாயே என்று கேட்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இன்னுமோர் உதாரணம். கணிதச் சமன்பாடுகளை எழுதுவதற்காக மைக்ரோசாப்ட் ஆபீஸில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு சிறு கருவி 2000ஆம் வருஷத்தில் தொகுக்கப்பட்டது. அதில் இருந்த ஓட்டை வெளிப்பட்டது 2017 நவம்பரில். பதினேழு வருஷம், நம்மில் பலர் ஒருமுறைகூடத் தொட்டறியாத ஒரு ஜன்னல், நமது மேசைகளிலெல்லாம் தாழ்ப்பாளின்றி இருந்தது. கடைசியில் 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள்.

நமது அண்டையில் நடந்தவை

இவையெல்லாம் மேல்நாட்டுச் செய்திகள் என்று தள்ளிவிடுவதற்கில்லை. இலங்கையில் அரசாங்க மின்னஞ்சல்கள் லங்கா அரசாங்க மேகம் என்னும் பொது அமைப்பில் வைக்கப்பட்டிருக்கின்றன. 2023 ஆகஸ்டு மாதத்தில் அதன்மீது பணம் பறிக்கும் வைரஸ் பாய்ந்தது. மந்திரிசபைக் காரியாலயம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்துவைத்த நகல் இல்லை. காரணம் என்னவென்று பார்த்தால், அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். அதற்குரிய திருத்தங்களை வெளியிடுவதைத் தயாரித்த நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. புதியதற்கு மாறும் யோசனை 2021 முதலே இருந்தும், பணமின்மையாலும் முந்தைய நிர்வாக முடிவுகளாலும் தாமதப்பட்டது என்று அப்பொறுப்பிலிருந்த நிறுவனமே தெரிவித்தது. ஏதோ ஓர் ஆபீஸில் ஏதோ ஒரு சிப்பந்தி ஒரு சந்தேகமான இணைப்பைத் தொட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் விரல் பட்டதும் ஓர் அரசாங்கத்தின் மூன்று மாதக் கடிதங்கள் மறையுமானால், குற்றம் விரலிலா, வீட்டின் கட்டுமானத்திலா?

தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் விஷயமும் அறிந்துகொள்ளத்தக்கது. அங்கே வைரஸ் புகுந்ததென்ற செய்தி 2019 அக்டோபரில் பரவியபோது, நிலையத்தார் 29ஆம் தேதி அதை மறுத்து அறிக்கை வெளியிட்டார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், செய்தி உண்மையென்றும், செப்டம்பர் 4ஆம் தேதியே தமக்கு அது தெரியவந்ததென்றும் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது அணு உலையை இயக்கும் கருவியன்று. இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த நிர்வாக ஆபீஸின் கம்ப்யூட்டர் ஒன்றே. அந்தமட்டில் ஆறுதல்தான். ஆயினும் முதலில் மறுப்பு, பிறகு ஒப்புதல் என்ற வரிசையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பெரிய ஸ்தாபனங்களின் முதல் வார்த்தை பெரும்பாலும் மறுப்பாகவே இருக்கின்றது.

நமது மலேசியாவில் 2024 ஜூலை 19ஆம் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அன்று திருடன் எவனும் வரவில்லை. காவல்காரனே வீட்டைப் பூட்டிவிட்டான். கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தினால் உலகமெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஸ்தம்பித்தன. இங்கே கே.டி.எம். ரயில் டிக்கெட்டு முறையும், ஏர் ஏசியா விமானப் பிரயாணிகளின் பதிவும் தடைப்பட்டன. ஐந்து அரசாங்க ஏஜென்சிகளும் ஒன்பது கம்பெனிகளும் பாதிக்கப்பட்டன என்றும், நஷ்டஈடு கொடுப்பதை அந்நிறுவனங்கள் யோசிக்கவேண்டுமென்றும் டிஜிட்டல் மந்திரி கோபிந்த் சிங் டியோ கேட்டுக்கொண்டார். ஒரு நாட்டின் மந்திரி கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது; கட்டளையிட முடியவில்லை. ஏனென்றால் மென்பொருளை வாங்கும்போது நாம் 'சம்மதம்' என்று அழுத்தும் பத்திரங்களில், "உள்ளது உள்ளபடியே தருகின்றோம், விளைவுக்குப் பொறுப்பில்லை" என்ற கருத்து வழக்கமாகவே எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு செம்பனைக் குலை பழுத்ததா இல்லையா என்பதற்குத் தொழிலாளி பொறுப்பு. ஒரு கூட்டல் சரியா தவறா என்பதற்குக் கிராணி பொறுப்பு. அந்தக் கூட்டலைச் செய்யும் கருவியை விற்றவர் மட்டும் பொறுப்பில்லாதவர்.

ஹொரைசன் என்னும் பாடம்

இந்தப் பொறுப்பின்மை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் அஞ்சல் துறைச் சம்பவத்தைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. அந்நாட்டில் கிராமங்களிலும் சிறு கடைத் தெருக்களிலும் உள்ள துணை அஞ்சலகங்களைத் தனி மனிதர்கள் ஒப்பந்தத்தின்பேரில் நடத்திவருகின்றார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினர் பலருண்டு. 1999 முதல் அவர்களுடைய மேசைகளில் புஜித்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் வைக்கப்பட்டது. வைத்ததிலிருந்து, இல்லாத பற்றாக்குறைகளை அது காட்டத் தொடங்கிற்று. குறைந்த பணத்தைக் கையிலிருந்து கட்டவேண்டுமென்பது ஒப்பந்தம். கட்ட முடியாதவர்கள் திருடர்கள், பொய்க்கணக்கு எழுதியவர்கள் என்று கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள்.

அந்த மென்பொருளின் ஒரு பிழையை மட்டும் இங்கே விளக்குவோம். 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் என்னும் ஊரில், ஒருவர் 8,000 பவுனைத் தமது கிளைக்குக் கணக்கில் மாற்றினார். திரை அசையாமல் நின்றுவிட்டது. அவர், நாம் யாவரும் செய்வதுபோலவே, மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினார். ஹொரைசன் ஒவ்வோர் அழுத்தலையும் ஒரு தனி வரவாக ஏற்று, 32,000 பவுன் வந்ததாக எழுதிக்கொண்டது. ஆகவே 24,000 பவுன் காணவில்லை! இல்லாத பணம் எப்படிக் காணாமற்போகும்? இதுவல்லாமல், புஜித்சு சிப்பந்திகள் தூரத்திலிருந்தபடியே கிளைக் கணக்குகளுக்குள் நுழைந்து, கிளைக்காரர் அறியாமல் திருத்த வழியிருந்தது. அத்தகைய வழியே இல்லையென்று அஞ்சல் நிறுவனம் பல வருஷம் சாதித்தது.

முறையிட்டவர்களில் பலருக்கு, "வேறு யாருக்கும் இப்படி நேரவில்லை, உமக்கு மட்டுந்தான்" என்ற பதில் கிடைத்தது. இந்தப் பதிலின் கொடுமையை நன்கு கவனிக்கவேண்டும். ஆயிரம் பேரைத் தனித்தனி அறையில் அடைத்து, ஒவ்வொருவரிடமும் "நீ ஒருவன்தான்" என்று சொன்னால், அந்த ஆயிரம் பேருக்கும் தம்மீதே சந்தேகம் வந்துவிடுமல்லவா? இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா என்னும் பெண்மணி, 74,000 பவுனுக்கு மேல் திருடியதாக 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அப்பொழுது அவர் கர்ப்பிணி. 1999க்கும் 2015க்கும் இடையில் தண்டிக்கப்பட்டவர்கள் 900க்கு மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. வீடு விற்றவர்களும், ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. இதனால் தற்கொலை செய்துகொண்டவர்கள் 13 பேராவது இருக்கக்கூடுமென்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறுகின்றது.

அவர்களைக் காப்பாற்றியது எது? அரசாங்கமன்று, மென்பொருள் நிபுணர்களுமல்லர். "உமக்கு மட்டுந்தான்" என்ற பொய்யை நம்ப மறுத்த ஆலன் பேட்ஸ் என்னும் துணை அஞ்சலகக்காரர், தம்மைப் போன்றவர்களைத் தேடிச் சேர்த்தார். 555 பேர் ஒன்றுகூடி வழக்காடினார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர், ஹொரைசனில் பிழைகள் உண்டென்று தீர்ப்பளித்து, அதை மறுத்துவந்த அஞ்சல் நிறுவனத்தின் போக்கு பூமி தட்டையென்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்தைத் தீர்ப்பிலேயே எழுதினார். 2021 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு, சீமா மிஸ்ரா உட்பட 39 பேரை விடுவித்தது. 2024 மே மாதத்தில் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டத்தினாலேயே மற்றவர்களின் தண்டனைகளை ரத்துச் செய்தது.

சட்டம் என்ன சொல்லுகின்றது?

படித்த நீதிபதிகள் உள்ள நாட்டில் இவ்வளவு பெரிய அநியாயம் இவ்வளவு காலம் எப்படி நடந்தது? அதற்கும் ஒரு சரித்திரமுண்டு. 1984ஆம் வருஷத்துச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவின்படி, கிரிமினல் வழக்கில் கம்ப்யூட்டர்ச் சான்று கொண்டுவருபவர், அந்தக் கம்ப்யூட்டர் சரியாக ஓடிற்று என்பதையும் நிரூபிக்கவேண்டும். இது தொந்தரவென்று கருதி, 1999இல் இயற்றிய சட்டத்தினால் அப்பிரிவை நீக்கினார்கள். அதுமுதல், மாறாகக் காட்டும்வரையில் கம்ப்யூட்டர் சரியென்பதே அனுமானமாயிற்று. ஹொரைசன் மேசைக்கு வந்த சமயமும் அதுவே. அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று இங்கிலாந்து அரசாங்கம் 2025 ஜனவரியில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

நமது நாட்டில் நிலைமை என்ன? 1950ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 1993இல் 90ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கம்ப்யூட்டர் வழக்கமான உபயோகத்தில் தயாரித்த பத்திரம் சான்றாகும் என்பது அதன் முதற்கூறு. பொறுப்பாளர் ஒருவர் ஒரு சர்டிபிகேட்டில் கையெழுத்திட்டுவிட்டால், அந்தக் கம்ப்யூட்டர் அக்காலம் முழுவதும் எல்லா வகையிலும் சரியாக ஓடியதாக அனுமானிக்கப்படும் என்பது நான்காம் கூறு. இதற்கும் மேலே ஏழாம் கூறொன்று உண்டு. கிரிமினல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்தக் கம்ப்யூட்டரின் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவராகவோ, அந்தப் பத்திரத்தைத் தயாரிப்பதில் எவ்வகையிலாவது சம்பந்தப்பட்டவராகவோ இருந்தால், அவர் தரப்பில் கொடுக்கப்படும் கம்ப்யூட்டர்ப் பத்திரம் சான்றாகாது.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு கிராணியும் ஒரு நிமிஷம் நிதானித்து யோசிக்கவேண்டும். முதலாளி கொண்டுவரும் கணக்குத் தாள் சான்று. அதே மேசையில் வேலை செய்த சிப்பந்தி தம்மைக் காத்துக்கொள்ளக் கொண்டுவரும் கணக்குத் தாள் சான்றன்று. கணக்கைத் தமக்குச் சாதகமாகத் திருத்திக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயத்தினால் இவ்விதி ஏற்பட்டதென்று சொல்லக்கூடும். அந்தப் பயம் நியாயமானதென்றே வைத்துக்கொண்டாலும், திருத்த முடியும் என்ற சந்தேகம் ஒரு தரப்புக்கு மட்டும் ஏன் பொருந்தவேண்டும்? "எதிர்ச்சான்று காட்டி அனுமானத்தை முறிக்கலாமே" என்றும் சிலர் சொல்லலாம். எதிர்ச்சான்று இருக்குமிடம் எது? மென்பொருளை விற்ற கம்பெனியின் இரும்புப் பெட்டியில் அல்லவா! சாவியைப் பிறனிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டு என்பது போன்றதே இது.

2024 ஆகஸ்டு 26 முதல் நமது நாட்டில் இணையப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கின்றது. முக்கியமான பதினொரு துறைகளை அது குறிப்பிடுகின்றது. விவசாயமும் தோட்டத் தொழிலும் அவற்றில் ஒன்று. தனிநபர் விவரம் களவுபோனால் அறிவிக்கவேண்டுமென்ற விதியும் 2025 ஜூன் முதல் உண்டு. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இவை வெளியிலிருந்து வரும் திருடனைக் குறித்தவை. உள்ளேயிருந்தே தவறாகக் கூட்டும் கணக்கைக் குறித்து இவற்றில் நமக்குப் பரிகாரமில்லை. ஜொகூரில் கூலாய் யங் தோட்டத்தில் செம்பனை நின்ற நிலத்தில் இன்று தகவல் மையங்கள் எழும்பியிருக்கின்றன. உலகத்தின் கணக்குகளெல்லாம் நமது வாசலுக்கே வந்துகொண்டிருக்கும்போது, நமது கணக்கைச் சோதிக்கும் உரிமை மட்டும் நம்மிடம் இல்லாதிருப்பது விந்தையாகும்.

செய்யவேண்டியவை

ஆகவே நமது அபிப்பிராயம் இது. முதலாவதாக, கணக்கில் கோளாறு கண்ட நாளே, தேதியும் நேரமும் திரையின் படமும் சேர்த்து எழுத்து மூலம் முறையிடவேண்டும். போனில் சொன்ன முறையீடு காற்றோடு போய்விடும். இரண்டாவதாக, மண்டோரின் சிறு புத்தகத்தைப் போன்ற மூலக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று என்று வீசியெறியாமல் பாதுகாக்கவேண்டும். கம்ப்யூட்டரின் நகலையும் அதனோடு இணையாத வேறோர் இடத்தில் வைக்கவேண்டும். இலங்கை மூன்று மாதக் கடிதங்களை இழந்தது இவ்விஷயத்திலேதான். மூன்றாவதாக, காலங்கடந்த மென்பொருளை மாற்றுவதற்குப் பணமில்லையென்று சொல்லும் நிர்வாகம், அதனால் வரும் நஷ்டத்தைச் சிப்பந்தியின்மேல் சுமத்தக்கூடாது. துருப்பிடித்த பூட்டை மாற்றாதவர் காவல்காரனை வேலையைவிட்டு நீக்குவது நியாயமன்று. நான்காவதாக, மென்பொருளை விற்பவர், தமக்குத் தெரிந்த பிழைகளையெல்லாம் வாங்கியவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிவிக்கவேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்.

ஐந்தாவதாக, 90ஏ பிரிவைத் திருத்தும்படி கேட்கவேண்டும். கம்ப்யூட்டர்க் கணக்கைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க விரும்புகின்றவர், அந்தக் கம்ப்யூட்டரின் கோளாறுப் பதிவுகளையும் முறையீட்டுப் பதிவுகளையும் முன்வைக்கவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அவற்றைப் பார்க்கவும் சான்றாகக் கொடுக்கவும் உரிமை வேண்டும். இதைத் தனி மனிதர் கேட்டால் நடவாது. தோட்டச் சிப்பந்திகளின் சங்கமும், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், பட்டணத்து ஆபீஸ் சிப்பந்திகளின் சங்கங்களும் சேர்ந்து கேட்கவேண்டும். "உனக்கு மட்டுந்தான்" என்ற பொய்யை 555 பேர் கூடித்தான் உடைக்க முடிந்தது என்பதை மறக்கலாகாது.

முடிவாக ஒரு வார்த்தை. நமக்கு நியாயம் கேட்கும் நாம், நம்மிடம் நியாயம் கேட்டு வருகின்றவர்களுக்கு என்ன பதில் சொல்லுகின்றோம்? இன்று ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் நம்மவராக இருக்கலாம். வங்காளதேசத்திலிருந்தோ, நேபாளத்திலிருந்தோ, இந்தோனேசியாவிலிருந்தோ வந்து குலை வெட்டுகின்றவராகவும் இருக்கலாம். நமது எழுத்தும் அவருக்குத் தெரியாது, நமது பாஷையும் அவருக்குத் தெரியாது. "நான் வேலைக்கு வந்தேன்" என்று அவர் சொல்லும்போது, "கம்ப்யூட்டரில் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவோமானால், அன்று செக்ரோல் செய்ததையும் ஹொரைசன் செய்ததையுமே நாமும் செய்தவர்களாவோம். மண்டோரின் குறிப்பைத் தேடிப் பார்ப்பதற்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். அவருடைய இரண்டு நாள் உழைப்பைவிட அந்தப் பத்து நிமிஷம் பெரிதல்ல. எழுதியது மனிதனானாலும் இயந்திரமானாலும், சோதனைக்கு உட்படாத கணக்கு கணக்காகாது. அது வெறும் கட்டளையே. கட்டளைக்கு அஞ்சி வாழ்ந்த காலம் போதும், கணக்குக் கேட்கும் காலம் வரவேண்டும்.